ஆணித்துளைச் சூரியன்

எங்கள் விஞ்ஞானம் பருப்புச் சுருளில் வந்தது. சந்திக் கடையில் அரை றாத்தல் பருப்பு வாங்கினால் பழைய சஞ்சிகைத் தாளைக் கிழித்துச் சுருட்டித்தான் தருவார்கள். அம்மா பருப்பைக் கொட்டிவிட்டுத் தாளை முழங்காலில் வைத்து நீவி, குசினிக் கூரை வரிச்சில் செருகி வைப்பார். அவற்றில் சில, சிறுவர் பக்கங்கள். ஒரு படம், படத்தின் கீழே செய்முறை, செய்முறையின் நடுவே கிழிசல். ஒரு பரிசோதனைக்கும் எங்களுக்கு முடிவு கிடைத்ததில்லை. "இப்போது காகிதத்தை மெல்ல விலக்கினால்" என்று ஒரு தாள் நின்றுவிடும். விலக்கினால் என்ன? அந்த மிச்சத்தில் வேறு யாரோ வீட்டுக்குச் சீனி போயிருக்கும்.

முரசுமோட்டைப் பக்கத்துக் குடியேற்றக் காணி எங்களுடையது. எனக்குப் பத்து வயது. வீட்டில் ஒரே பிள்ளை. எனக்குப் பிறகு வந்த இரண்டும் அம்மாவின் வயிற்றில் தங்காமல் போயிருந்தன. அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. கதைக்காத அந்த இரண்டும் எங்கள் வீட்டில் எங்களோடுதான் இருந்தன, சாப்பிடும்போதும் படுக்கும்போதும்.

பரிசோதனைகளுக்கு எனக்கு ஒரு கூட்டாளி இருந்தாள். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து, எங்கள் வாய்க்காலின் மறு கரையில் குடிசை போட்ட குடும்பத்துப் பெண். என் வகுப்பு. அவளுடைய தாய் எங்கள் வயலில் அரிவு வெட்ட வருவார். அவளுக்கு மேற்சொண்டு மூக்குவரை பிளந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பெடியள் "முயல் வருது, கரட் குடுங்கோடா" என்பார்கள். "கரட்டு வேணாம், உன் காதக் குடு, கடிச்சுப் பாக்குறேன்" என்பாள் அவள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள், ஆனால் உள்ளங்கை வாயை மூடியிருக்கும். யாரோடு நின்றாலும் அந்தக் கை அங்கேதான் இருக்கும். என்னோடு பரிசோதனை செய்யும்போது மட்டும் இராது. இரண்டு கையும் வேண்டியிருந்ததால் அப்படியா, நான் என்பதால் அப்படியா, அப்போது நான் யோசிக்கவில்லை.

கை அவளுக்கு நடுங்காது. தண்ணீரின் மேல் தையல் ஊசியை மிதக்கவிட அவளால்தான் முடிந்தது. மஞ்சள் பூசிய தாளில் சவுக்காரத் தண்ணீரைத் தொட்டுக் குங்குமச் சிவப்பாக எழுதுவோம். பப்பாசித் தண்டால் குமிழி ஊதுவோம். தண்ணீர் நிரப்பிய கிளாசைத் தாளால் மூடித் தலைகீழாகக் கவிழ்த்து, என் தலைக்கு மேலே அவளும் அவள் தலைக்கு மேலே நானும் பிடிப்போம். அவள் பிடித்தால் தண்ணீர் நிற்கும். நான் பிடித்தால் அவள் நனைவாள்.

அந்த வருஷம் தை மாதத்துச் சுருள் ஒன்றில் படப்பெட்டி வந்தது. பால்மா டின் ஒன்றின் அடியில் ஓர் ஆணித்துளை. திறந்த பக்கத்தில் தேங்காயெண்ணெய் தடவிய மெல்லிய தாள். அம்மாவின் பழைய சேலையைத் தலையோடு போர்த்திக்கொண்டு துளையை வெளியே நீட்டினால், எண்ணெய்த் தாளில் உலகம் தலைகீழாகத் தெரிந்தது. எங்கள் எருதுகள் வானத்தில் கால் பாவி நடந்தன. வேம்பு மேலேயிருந்து கீழே வளர்ந்தது. "படம் தலைகீழாகத் தெரியும். ஏனென்றால்" என்று தாள் கிழிந்திருந்தது.

அம்மாவும் சேலைக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வயல் வரம்பில் மண்வெட்டியோடு வந்துகொண்டிருந்த அப்பாவை நெடுநேரம் பார்த்தார்.

"உங்கட அப்பா தலைகீழா நிண்டாலும் அதே அவசரத்திலைதான் நடக்கிறார்."

நாங்கள் மூன்று பேரும் அந்தச் சேலைக்குள் மூச்சு முட்டச் சிரித்தோம். அம்மாவுக்கு அப்போது நாலு மாதம் கடந்திருந்தது.

அப்பாவின் அக்கா, என் மாமி, குடாநாட்டிலிருந்து வந்து இறங்கினார். அறுவடைக்குச் சமைக்கவும் அம்மாவைப் பார்க்கவும். மாமி வந்தால் வீட்டில் எல்லாச் சாமான்களும் நிமிர்ந்து நிற்கும். அம்மா வாளி தூக்கக்கூடாது, அம்மி அரைக்கக்கூடாது, குந்தியிருக்கக்கூடாது. இந்த முறை தங்க வேண்டும். அதை யாரும் வாயால் சொல்லவில்லை. மாமியின் ஒவ்வொரு "கூடாது"வுக்குள்ளும் அது இருந்தது.

மாசி பிறந்து சில நாளில் சூரிய கிரகணம் என்று றேடியோ சொன்னது. சனிக்கிழமை பின்னேரம். மாமி காலையிலேயே சட்டங்களை வாசித்துவிட்டார். வயிற்றுப்பிள்ளைக்காரி வெளிச்சத்தில் நிற்கக்கூடாது. எதையும் வெட்டக்கூடாது, கிழிக்கக்கூடாது, மடிக்கக்கூடாது, சொறியவும் கூடாது. அசையாமல் கிடக்க வேண்டும். மத்தியானத்தோடு வயலில் அரிவு வெட்டும் நின்றது. மாமி அரிவாள்கள் எல்லாவற்றையும் பொறுக்கிச் சாக்கில் கட்டி நெற்குவியலுக்குப் பின்னால் ஒளித்தார். அறைக் கதவுக்குத் தடித்த படங்குச் சீலை தொங்கவிட்டார். மண் சுவரின் மேற்குப் பக்கத்தில், முன்பு முளைக்கம்பு அடித்திருந்த இடத்தில், பெருவிரல் அளவு துளை இருந்தது. அதற்குள் பழந்துணியை அடைத்தார். அடைத்துவிட்டுக் கண்ணை வைத்துப் பார்த்தார். இருட்டு திருப்தியாக இருந்தது.

அம்மா கட்டிலில் மல்லாந்து கிடந்தார்.

"ஊர் முழுக்கப் பாக்கப்போகுது. எனக்கு மட்டும் கூரை," என்றார் என்னிடம், மாமிக்குக் கேட்காமல். "பாத்திட்டு ஓடியந்து சொல்லு."

"சொல்ல ஏலாதம்மா. காட்டிறன்."

அந்தச் சொல்லை நான் எத்தனை முறை திரும்ப விழுங்கப் பார்த்திருப்பேன்.

மூன்று மணிக்குப் பிறகு வெயில் மெலிந்தது. மாலை மங்குவதுபோல அல்ல. மாலைக்கு ஒரு சூடு உண்டு, இதற்கு இல்லை. விளக்குத் திரியைக் கீழே இறக்கியதுபோலப் பகல் பகலாகவே சிறுத்தது. கோழிகள் வேலியோரம் கூடி நின்று எங்களைப் பார்த்தன. வேப்ப மர நிழல் முழுக்கப் பிறைகள். இலை இடுக்குகளால் விழுகின்ற வட்டப் புள்ளிகள் எல்லாம் பிறைகளாகி, நிலத்தில் ஆயிரம் கிடந்தன. வாய்க்காலைக் கடந்து வந்திருந்த என் கூட்டாளி குனிந்து உள்ளங்கையில் ஒன்றை ஏந்திக் காட்டினாள்.

"பாரு, மரம் பூராவும் நம்ம டின்னுதான்."

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டு அறையும் ஒரு டின்தான். இருட்டு, சுவர், மேற்கே ஒரு துளை. துளை கொஞ்சம் பெரிது, அவ்வளவே.

பால்மா டின்னின் மூடியில் ஆணியால் ஒரு துளை போட்டோம். மாமி பின்பக்கக் கிணற்றடியில் கிரகணம் விட்டதும் முழுகுவதற்கு வாளிகளை நிரப்பிக்கொண்டிருந்தார். அவள் வெளியே நின்று பழந்துணியை உருவிவிட்டு மூடியைத் துளைமேல் பொருத்திப் பிடிப்பதென்றும், நான் உள்ளே போவதென்றும் ஏற்பாடு. எதிர்ச் சுவரில் விழும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். சூரியன் பத்து வயதுக் கணக்கைக் கேட்கவில்லை. சரிந்து வந்து கட்டிலில் விழுந்தது. அம்மாவின் வயிற்றில்.

"தெரியுதா?" வெளியிலிருந்து அவள் குரல்.

"அசையாமல் பிடி!"

அம்மாவின் வெளுத்த சேலையின் மேல், வயிற்றின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்னப் பிறை. கூர் முனைகள் இரண்டு, நடுவில் வளைவு. விரல்நகத்தைவிடச் சற்றுப் பெரிது. அம்மா மூச்சு விட்டால் அது ஏறியது, இறங்கியது. நான் பார்த்த எதுவும் அவ்வளவு வடிவாக இருந்ததில்லை, இன்றுவரை.

"ஐயோ, என்ன வடிவு," என்றார் அம்மா. தொட்டுப் பார்க்கக் கை எழுந்தது. அசையக்கூடாது என்று நினைவு வந்து பாதியில் விழுந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. மாமியின் செருப்புச் சத்தம். வெளியே அவள் பதறி மூடியை எடுக்க, திறந்த துளையால் ஒரு வெளிச்சக் கட்டி உள்ளே பாய்ந்து, உடனே துணி அடைபட்டு இருண்டது. படங்கை விலக்கிக்கொண்டு மாமி நின்றார்.

"ஆரது உள்ளை? என்ன வெளிச்சம் அது?"

"ஒண்டுமில்லை மாமி. அம்மாவுக்குத் தண்ணி குடுக்க வந்தனான்."

"கிரகணத்திலை தண்ணி குடுக்கிறதோ? எடி விசரி, போடி வெளியாலை!"

அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்து நானும் அவளும் வேலி ஓரத்தில் குந்தியிருந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பு அன்று இரவுச் சாப்பாடுவரை தாக்குப் பிடித்தது.

எல்லாரும் முழுகி, மாமி புதிதாகச் சமைத்தார். கத்திரிக்காயை வெட்டிக்கொண்டே, வாசலுக்கு அப்பால் வாய்க்கால் பக்கம் தாடையை நீட்டினார்.

"இப்பத்தான் நெஞ்சுக்குத் தண்ணி வந்தது. உவள் பிள்ளையோடை திரியிற மலைநாட்டுப் பெட்டையின்ர சொண்டைப் பாத்தனியே? தாய்க்காரி கிரகணத்திலை கொழுந்து பறிச்சவளாம். நகத்தாலை கிள்ளியிருக்கிறாள். நகம் பட்ட இடம்தான் அது."

"சும்மா இருங்கோ மச்சாள்," என்றார் அம்மா. ஆனால் அம்மாவின் கை சேலையின் மேல் போயிற்று. வயிற்றின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே. அந்த இடத்திலேயே.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

அந்த இரவு பிறை வேறு உருவம் எடுத்தது. அது பிறை அல்ல, அரிவாள். மாமி எல்லா அரிவாள்களையும் ஒளித்துவைத்த நாளில் நான் சூரியனிடமிருந்து ஒன்றை வாங்கி வந்து அம்மாவின் வயிற்றில் வைத்திருக்கிறேன். அளவு? ஒரு பச்சைக் குழந்தையின் சொண்டு எவ்வளவு இருக்கும்? அவ்வளவு.

அடுத்த நாள் அம்மா என்னைக் கிணற்றடியில் பிடித்தார். "அதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை, என்ன. மாமியிட்டை முக்கியமா." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஒன்றுமில்லாத விஷயத்தை ஏன் ஒளிக்க வேண்டும்? அம்மாவும் பயந்திருக்கிறார் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

பல வருஷம் கழித்து ஒரு புத்தகத்தில் வாசித்தேன். கருவின் உதடு மூன்றாம் மாதத்துக்கு முன்னரே பொருந்திவிடுமாம். அந்தப் பிறை விழுந்தபோது அங்கே எல்லாம் முடிந்து போயிருந்தது, நல்லதோ கெட்டதோ. அதை வாசித்தபோதும் என் உள்ளங்கை குளிர்ந்தது. பயத்துக்குத் தேதி தெரிவதில்லை.

அந்தத் தாள்கள் எனக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான், செய்து பார். செய்தேன். இரண்டு சிரட்டையில் ஈரத் தும்பு வைத்துப் பயறு போட்டேன். மட்டையில் பிறை வடிவாக வெட்டி, ஒரு சிரட்டையின் மேல் வைத்து வெயிலில் வைத்தேன். மற்றதைச் சும்மா வைத்தேன். பிறை பட்ட பயறு மூன்றாம் நாள் முளைத்தது. தோல் கழன்று, பருப்பு இரண்டாகப் பிளந்து, நடுவே குருத்து. ஓடிப்போய் மற்றச் சிரட்டையைப் பார்த்தேன். அதுவும் பிளந்துதான் இருந்தது. எல்லாப் பயறும் அப்படித்தான் முளைக்கும் என்று ஒரு குசினிப் பிள்ளைக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் அன்றுதான் அதைப் பார்த்தேன். பிளக்காமல் ஒன்றும் வெளியே வராது என்று அந்த இரண்டு சிரட்டைகளும் சொல்வதாக எடுத்துக்கொண்டு, அவற்றை வாய்க்காலில் எறிந்தேன்.

பங்குனியில் ஒரு நாள் துணிவு வந்து, வாய்க்காலைக் கடந்து அவளுடைய தாயிடம் போனேன். அவர் குடிசை வாசலில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எப்படிச் சுற்றி வளைப்பது என்று தெரியாமல் நேரே கேட்டுவிட்டேன்.

"நீங்கள் கிரகணத்திலை கொழுந்து பறிச்சனீங்களோ?"

சுளகு நின்றது.

"யாரு சொன்னா? ஒங்க மாமியா?" அவர் கோபப்படவில்லை. களைத்துப்போன சிரிப்பு ஒன்று வந்தது. "பறிச்சேன் புள்ள. கங்காணி விட்டாத்தான? அன்னிக்கு எங்க லயத்துல மூணு பேரு வயித்துப்புள்ளக்காரி. மூணு பேருந்தான் மலைக்குப் போனோம். மத்த ரெண்டு புள்ளைக்கும் ஒரு கொறையுமில்ல. கொழுந்து கிள்ளுனா ஒதடு கிழியும்னா, மலைநாட்டுல ஒரு வாயும் முழுசா இருக்காது."

அதைவிடச் சரியான பரிசோதனை எந்தச் சுருளிலும் எனக்கு வந்ததில்லை. மூன்று பேர், ஒரே வேலை, ஒரே நாள். இன்று எனக்கு அது விளங்குகிறது. அன்று நான் கணக்கை வேறு விதமாக முடித்தேன். மூன்றில் ஒன்று. அம்மாவின் வயிற்றில் தங்காதவை இரண்டு, இது மூன்றாவது.

திரும்பும்போது பார்த்தேன். குடிசையின் பின்னால், விறகுக் கட்டுக்குப் பக்கத்தில், அவள் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியாது.

அதற்குப் பிறகு நான் அவளிடம் போவது குறைந்தது. போனாலும் என் கண் அவளுடைய கண்ணில் நிற்காது. கீழே இறங்கி அந்தப் பிளவில் நிற்கும். அளப்பேன். இவ்வளவா? இதைவிடக் கொஞ்சம் குறைவாகவா? பால் குடிக்குமா? பெடியள் என்ன பெயர் வைப்பார்கள்? ஒரு நாள் பள்ளிக்கூடக் கிணற்றடியில் அப்படி நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவள் பேச்சை நிறுத்தாமலேயே, உள்ளங்கையை உயர்த்தி வாயை மூடினாள். என்னிடமிருந்து. மற்றவர்களிடமிருந்து மூடுவதுபோலவே. நான் பார்த்தும் பார்க்காததுபோல வாளியை இறக்கினேன்.

ஆனி மாதம். சோளகக் காற்று புழுதியை வாரிக்கொண்டு ஓடுகிற நாட்கள். விடியற்காலையில் அம்மாவுக்குப் பிரசவ நோ கண்டது. உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, மேலே பாய் போட்டு, மாமி தலையை மடியில் வைத்திருக்க, கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா சைக்கிளில் பின்னால் போனார். பெட்டி குழியில் விழுந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் சத்தம் கேட்டது. பிறகு மெசின் சத்தம் மட்டும். பிறகு அதுவுமில்லை.

வீட்டில் நான் தனியே. சூரியன் ஏறியதும் அவள் வந்து வேலிப் படலையடியில் நின்றாள்.

"எங்கம்மா போய்க் கூட இருன்னுச்சு."

உள்ளே வா என்று சொன்னேன். வந்தாள். இருந்தோம். காற்று கிடுகைத் தூக்கித் தூக்கிப் போட்டது. பத்து மணி. பதினொன்று. நான் எழும்பிப் படலைவரை போவேன், வருவேன். அவள் என்னைப் பார்க்காமல் ஒரு வேலையில் இறங்கினாள். மாடத்திலிருந்து வெறும் தீப்பெட்டிகள் இரண்டு எடுத்தாள், மாமியின் தையல் பெட்டியில் நூல் எடுத்தாள், ஈர்க்குத் துண்டால் நூல் நுனிகளைப் பெட்டிகளுக்குள் கட்டினாள்.

"இந்தா, காதுல வை. நான் அந்த வேப்ப மரத்துக்கிட்டப் போறேன்."

நூல் முற்றத்துக்குக் குறுக்கே விறைத்தது. முதலில் காற்றின் இரைச்சல்தான் கேட்டது, நூலே முனகுவதுபோல. பிறகு அவளுடைய குரல், என் காதுக்குள், ஒரு விரல் தூரத்தில்.

"கேக்குதா?"

தலையாட்டினேன்.

"ஒண்ணு கேக்கட்டா?" நூலை இன்னும் இழுத்து விறைப்பாக்கினாள். "புள்ள என்னைய மாதிரிப் பொறந்துருமோன்னுதான பயப்படுற?"

மரத்தடியில் அவள் தீப்பெட்டியை வாயிலிருந்து எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இனி என் முறை. நான் பெட்டியை வாயருகே கொண்டுபோனேன். இல்லை என்று சொன்னேனோ, சொல்ல நினைத்தேனோ. ஓர் அடி முன்னே வந்திருக்கிறேன்போல, நூல் தொய்ந்து நிலத்தில் பட்டது.

"நூலு தளந்துருச்சு. ஒண்ணும் கேக்கல," என்று அங்கிருந்து சத்தமாகக் கத்தினாள். "இழுத்துப் புடிச்சுக்கிட்டுச் சொல்லு!"

நான் பின்னால் போகவில்லை. ஒழுங்கையில் சைக்கிள் மணி.

அப்பா இறங்கவும் பொறுமையில்லாமல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார். முகம் முழுக்கப் புழுதி, புழுதிக்குள் பல்.

"தம்பி பிறந்திட்டான்! கொம்மா சுகமா இருக்கிறா. ஏழு றாத்தலாம். உன்ர மாமியின்ர குரல் பிள்ளைக்கு, ஆஸ்பத்திரி முழுக்கக் கேக்குது!"

நாலு மாதம் இரவும் பகலும் வைத்திருந்த கேள்வி நாக்கின் நுனியில் நின்றது. ஆனால் அவள் வேப்ப மரத்தடியில் நின்றாள். அவள் நிற்கும்போது அந்தக் கேள்வியை எந்தச் சொல்லால் கேட்பது?

அவள் நூலை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள். அவசரமில்லாமல், சிக்கு விழாமல், முற்றம் முழுவதையும் சுற்றிக்கொண்டு அப்பாவின் சைக்கிளுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, புள்ளைக்கு வாய் நல்லாருக்கா? ஒதடு?"

அப்பா சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்தார். பிறகு அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். மறுபடி அவளைப் பார்த்தார். குரல் இறங்கிப் போயிற்று.

"ஓம் பிள்ளை. வாய், மூக்கு எல்லாம் வடிவாக் கிடக்கு."

"கேட்டுக்கிட்டியா?" என்றாள் என்னிடம். சுற்றிய நூலையும் தீப்பெட்டிகளையும் என் கையில் வைத்தாள். "நான் போறேன். அம்மாவுக்கு வயலுக்குத் தண்ணி கொண்டு போவணும்."

வாய்க்கால் வரம்பில் அவள் போனாள். காற்று பாவாடையை முன்னால் தள்ள, அதைப் பிடித்துக்கொண்டு, திரும்பாமல். கூப்பிட வேண்டும் என்று ஒரு பக்கம் துடித்தது. மற்றப் பக்கம், சொண்டு முழுசு, சொண்டு முழுசு என்று உடம்பெல்லாம் குதித்துக்கொண்டிருந்தது. அந்தக் குதிப்பை அவள் முதுகு பார்த்துவிடும் என்று பயந்து அசையாமல் நின்றேன்.

"ஏனடி பிள்ளை அழுகிறாய்?" அப்பா சைக்கிளைச் சாத்திவிட்டு என் தலையில் கை வைத்தார். "நல்ல செய்திதானே கொண்டந்தனான்."

"ஓம்," என்றேன்.